இரண்டு பூட்டுத் தொங்கிய கோயிலும் கியோட்டோ சண்டையும்

இதை எழுத வேண்டும் என்று நினைப்பதும் தள்ளிப்போடுவதுமாகவே சில வருஷங்கள் ஓடிவிட்டன. பேனாவை எடுப்பேன். சாமி விஷயம் ஆயிற்றே, ஒரு வார்த்தை கூடக்குறைய வந்துவிட்டால் என்ன செய்வது என்று வைத்துவிடுவேன். வீட்டுக்குள் நடந்த சண்டையை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதினால் அண்ணன் மனசு என்ன பாடுபடும் என்று ஒரு யோசனை. எட்டாம் வகுப்போடு நின்ற நான் ஜப்பான் தேசத்துச் சரித்திரத்தை எடுத்து வைத்தால் படித்தவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று இன்னொரு யோசனை. இப்போது எழுதத் துணிந்ததற்குக் காரணம் கடைசியில் வரும். யார் பெயரையும் நான் எழுதவில்லை. எங்கள் குலசாமியின் பெயரையும் எழுதவில்லை. எங்களுக்கு அவர் அய்யா. அது போதும்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, புதூர் பஸ்ஸில் போய் இறங்கி, கொஞ்ச தூரம் கரிசல் காட்டுக்குள் நடந்தால் எங்கள் ஊர். மழை பெய்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அய்யா கோயில் ஊருக்கு வெளியே காட்டுக்குள் தனியாக நிற்கிறது. ஒரே ஒரு அறை, ஒரு மரக்கதவு, முன்னால் ஒரு வேப்பமரம், பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கோயிலுக்குள் ஒரு பழைய மரப்பெட்டி உண்டு. அதில் அய்யாவின் சலங்கை, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு, திருநீற்றுக் கொப்பரை எல்லாம் இருக்கும். பங்குனித் திருவிழாவுக்கு எங்கள் பக்கம் கொடை என்று பெயர். அன்று அந்தப் பெட்டியை ஒருவர் தலையில் சுமந்து ஊரைச் சுற்றிக் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வந்ததும் பெட்டி சுமந்தவர்தான் அதைத் திறந்து திருநீறு கொடுப்பார். முதல் திருநீறு எங்கள் வகையறாவில் மூத்தவருக்கு. அதற்குப் பிறகுதான் பொங்கல், முடி இறக்குவது, காது குத்துவது எல்லாம்.

அப்பா காலத்துக்குப் பிறகு பெட்டியை அண்ணன்தான் சுமந்தார். அவருக்குக் கோவில்பட்டி பஜாரில் புண்ணாக்குக் கடை. கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளை இல்லை. மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பும் விட்டுப்போய்விட்டது. நான் அப்போது மணியாச்சியில், தண்டவாள வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தேன். ரயில் இல்லாத நேரத்தில் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சாமி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பிழைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அண்ணன் அங்கே தேடி வந்து, ஊருக்கு வா, பெட்டியை நீ எடுத்துக்கொள் என்று சொன்னார். மாட்டேன் என்றேன். மறுபடி வந்தார். நாளைக்கே உங்களுக்கு ஒரு பையன் பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஊருக்குக் கூட்டிவந்து, பங்காளிகள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, அய்யா முன்னால் சூடத்தை அணைத்து, “பிறந்தாலும் பெட்டி உனக்குத்தாம்லே” என்று சத்தியம் செய்தார்.

நான் பெட்டி சுமக்கத் தொடங்கிச் சில வருஷத்தில் மதினிக்குப் பையன் பிறந்தான். ஊரே சந்தோஷப்பட்டது. நானும் அந்தக் கொடையில் பெட்டியோடு கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றினேன். பையன் வளர்ந்து மீசை அரும்பிய காலத்தில்தான் பேச்சு கிளம்பியது. மதினி இப்படிச் சொன்னாள், அப்படிச் சொன்னாள் என்று வீட்டுக்கு ஒரு விதமாக வந்தது. கடைசியில் எங்கள் காதுக்கு வந்து சேர்ந்தது, “இந்தக் கொடைக்குப் பெட்டி என் மகன் தலையிலதான் ஏறும், கொழுந்தன் தடுத்துப் பாக்கட்டும்” என்பது. பங்காளிகள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். சத்தியத்தைக் காப்பாற்று என்று எங்கள் பக்கம் கொஞ்சம் வீடு. மூத்தவன் மகன் இருக்கும்போது இளையவனுக்கு என்ன உரிமை என்று அந்தப் பக்கம் கொஞ்சம் வீடு. ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவர் அண்ணன். அவர் சொல்லவில்லை. யார் போய்க் கேட்டாலும் மூட்டை எடை போட்டுக்கொண்டே இருப்பார்.

அந்தக் கொடையில் ஊர் முக்கில் பெட்டியை மறித்தார்கள். தள்ளுமுள்ளு ஆயிற்று. என் தலையிலிருந்து பெட்டி சரிந்து தரையைத் தொட்டுவிட்டது. அது தரையைத் தொடவே கூடாது. அப்புறம் போலீஸ் வந்தது, தாலுகா ஆபீசில் அமைதிக் கூட்டம் போட்டார்கள். ஒரு முடிவுக்கு வரும்வரை கோயிலைப் பூட்டிவையுங்கள் என்றார்கள். யார் பூட்டு என்று அங்கேயும் தகராறு. கடைசியில் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டோம். பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒருவர் சொன்னாராம், அய்யாவுக்கு இனிப் பயமில்லை, திருடன் வந்தால் ரெண்டு பக்கமும் போய்ச் சாவி கேட்டு வந்தாகணும் என்று. சிரிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை.

நடுவில் ஒருமுறை பூக்கட்டிப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமி வாக்கு. பொட்டலத்தை யார் கட்டுவது என்பதில் சண்டை வந்து அதுவும் நின்றுபோனது. நிஜக் காரணம் அதுவல்ல என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். தோற்ற வீடு தலைமுறைக்கும் தோற்ற வீடு. அந்தப் பயம் இரண்டு பக்கமும் இருந்தது.

பூட்டின கதவுக்கு முன்னால் என் வீட்டுக்காரி வெள்ளிக்கிழமைதோறும் அகல் ஏற்றிவிட்டு வருவாள். ஒருநாள் வந்து சொன்னாள், அங்கே வேறு ஒரு அகல் இருக்கிறது, அதில் எண்ணெய் மிச்சம் இருக்கிறது, மதினி செவ்வாய்க்கிழமை வருகிறாள் போல என்று. அந்த அகலை என்ன செய்தாய் என்று கேட்டேன். அதிலேயே எண்ணெயை ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டு வந்தேன் என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் என் பேரன் முடி விஷயம் வந்தது.

என் மகன் ஜப்பானில், கியோட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பேரன் அங்கேதான் பிறந்தான். முதல் முடி குலசாமிக்கு. அது இறங்காமல் பிள்ளை தலையில் கத்தரி படக்கூடாது. மூன்றாவது வயசில் இறக்க வேண்டும் என்றால் கோயில் பூட்டிக் கிடக்கிறது. முடி தோளுக்குக் கீழே வந்துவிட்டது. மருமகள் இரட்டைச் சடை போட்டுவிடுவாளாம். அங்கே ரயிலில் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்ன அழகான பெண் குழந்தை என்பார்களாம். மருமகள் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவாளாம்.

பங்குனிக்கு முந்தி இரண்டு வாரம் லீவு போட்டுக்கொண்டு வந்தார்கள். இந்தத் தடவை இறக்காவிட்டால் மறுபடி எப்போது வர முடியும் என்று தெரியாது என்றான் மகன். திருச்செந்தூரில் இறக்கிவிட்டுப் போங்கள், முருகனை யார் குறை சொல்வார்கள் என்று பலரும் சொன்னார்கள். என் வீட்டுக்காரி கேட்கவில்லை. முருகனுக்கு இரண்டாவது முடி தருகிறேன், முதல் முடி அய்யாவுக்கு என்று நேர்ந்திருக்கிறேன் என்றாள். அவள் சொல்வது சரிதான் என்று எனக்கும் பட்டது. ஆனால் கதவைத் திறக்க வேண்டுமே. அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

ஒரு மத்தியானம் வீட்டு முற்றத்தில் என் வீட்டுக்காரி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் பேரனை மடியில் வைத்து ஒரு படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரத்தைப் படக்கதையாகப் போட்டிருக்கிறார்கள், அதைப் படித்துத்தான் அந்த ஊர்ப் பாஷையைப் பழகினேன் என்றாள். அவளும் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்தான். கவசம் போட்ட ஆள், குதிரை, எரிகிற வீடு எல்லாம் இருந்தது. என்ன கதை என்று சும்மாதான் கேட்டேன்.

ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முந்தின கதையாம். அந்த நாட்டுக்கு ராஜா என்று ஒருவர் இருந்தாலும், ஆட்சி ஷோகன் என்ற சேனாபதி கையில். அந்த ஷோகனுக்குப் பிள்ளை இல்லை. ஆட்சியிலும் பிடிப்பில்லை. அவருடைய தம்பி புத்த மடத்தில் சந்நியாசியாக இருந்தார். நீ வந்து எனக்குப் பின்னால் உட்கார் என்று அண்ணன் கூப்பிட்டாராம். தம்பி மாட்டேன் என்றாராம். நாளைக்கு எனக்குப் பிள்ளை பிறந்தால் அவனை மடத்துக்கு அனுப்பிவிடுகிறேன், பதவி உனக்குத்தான் என்று அண்ணன் வாக்குக் கொடுத்தாராம். தம்பி காவியைக் கழற்றிவிட்டு வந்தார். மறு வருஷமே ஷோகன் சம்சாரத்துக்கு ஆண்பிள்ளை பிறந்துவிட்டது.

முறத்துச் சத்தம் நின்றது. என் வீட்டுக்காரி கேட்டாள், “அந்த அண்ணன்காரரு புண்ணாக்குக் கட வச்சிருந்தாரா?”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மேலே சொல் என்றேன்.

அம்மாக்காரி மகனுக்காக ஒரு பெரிய பிரபுவைத் துணைக்குப் பிடித்தாள். தம்பிக்கு இன்னொரு பிரபு. அந்தப் பிரபுக்கள் இரண்டு பேரும் மாமனார் மருமகன் முறையாம். அவர்களுக்குள் வேறு பகை ஏற்கெனவே இருந்தது. அதற்கு இது ஒரு சாக்கு. கியோட்டோ ஊருக்குள்ளேயே கிழக்கே ஒரு படை, மேற்கே ஒரு படை இறங்கிவிட்டது. ஒரே தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பள்ளம் தோண்டிக்கொண்டு பதினோரு வருஷம் அடித்துக்கொண்டார்கள். கோயில்கள் எரிந்தன, மாளிகைகள் எரிந்தன, கூலிக்கு வந்த காலாட்கள் கையில் கிடைத்ததைச் சுருட்டினார்கள். அந்தக் காலாட்கள் யார் என்று கேட்டேன். முக்கால்வாசி நம்மை மாதிரிக் காட்டுவேலைக்காரர்கள்தான் என்றாள். அது என் மனசில் தைத்தது. அன்றைக்கு ஊர் முக்கில் என் சட்டையைப் பிடித்தவன் யார்? அதற்கு முந்தின வாரம் என்னோடு சேர்ந்து சோளத்தட்டை அறுத்தவன்.

அந்த அண்ணன் என்ன செய்தார் என்று கேட்டேன். எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

“ஒன்னும் செய்யல மாமா. சண்ட நடக்கும்போது பாட்டுக் கச்சேரி, விருந்து. சண்ட முடிஞ்ச பெறவு மலையடிவாரத்துல ஒரு மண்டபம் கட்டி, தோட்டம் போட்டாரு. நாங்க போய்ப் பாத்தோம். ரொம்ப அழகா இருக்கு.”

இன்னும் கேளுங்கள். நடுவில் தம்பிக்கும் அவர் பக்கத்துப் பிரபுவுக்கும் மனஸ்தாபம் வந்து, தம்பி எதிர்ப் படைக்கே போய்விட்டாராம். யாருக்கு எதிராகச் சண்டை தொடங்கியதோ அவர்களோடேயே சேர்ந்துகொண்டார். பிரபுக்கள் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் நோயில் செத்தார்கள். அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. பழக்கமாகிவிட்டது போல. கடைசியில் யாரும் ஜெயிக்கவில்லை. அவரவர் கூடாரத்தை அவரவரே கொளுத்திவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. நாடு முழுக்கச் சின்னச் சின்னச் சண்டையாக நூறு வருஷத்துக்குப் பரவியது. அந்தக் காலத்துக்குச் செங்கோகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பதவிக்கு வந்த அந்த மகன் சின்ன வயசிலேயே படைமுகாமில் சீக்கு வந்து செத்துப்போனான். வாரிசு இல்லை. பதவி யாருக்குப் போனது தெரியுமா? தம்பி மகனுக்கு.

“இதுக்கா அம்புட்டு ஊரக் கொளுத்தினானுவ?” என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரி மறுபடி முறத்தை எடுத்தாள்.

மகன் அங்கே ஒரு கோயிலில் எடுத்த படத்தை போனில் காட்டினான். ஒரு மரத்தூணில் வாள் வெட்டு. அந்தச் சண்டையில் தப்பிய மண்டபமாம். கியோட்டோவில் பழைய குடும்பத்துக்காரர்கள் “போன சண்டை” என்று சொன்னால், உலகப் போரைச் சொல்ல மாட்டார்கள், இதைத்தான் சொல்வார்கள் என்று அங்கே ஒரு கேலி உண்டாம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரிலும் “அந்தக் கொடை” என்று சொன்னால் ஒரு கொடைதான்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேர் மாதிரி ஒரு படம். அது என்ன என்று கேட்டேன். அந்த ஊரில் கொள்ளைநோய் வராமல் இருக்கச் சாமிக்கு எடுக்கிற திருவிழா. சண்டை காரணமாக நின்றுபோய் முப்பது வருஷத்துக்கு மேல் நடக்கவே இல்லையாம். எந்த ஷோகன் மறுபடி நடத்திவைத்தார் என்று கேட்டேன்.

“ஷோகன் ஆணை ஒரு பக்கம் இருக்கட்டும் மாமா, தேர செஞ்சு இழுத்தது ஊர்க்காரவியதான். யாவாரியும் தெருக்காரவியளும். ஆனா எந்தத் தெருத் தேர் முன்னால போறதுன்னு மறுபடி தகராறு வரும்லா? அதுக்காவச் சீட்டுப் போட்டாவளாம்.”

நாங்களும்தான் போடலாம் என்றோம், நடந்ததா என்று சலித்துக்கொண்டேன்.

“ஒரு தடவ இல்ல மாமா. வருசா வருசம் போடுதாவ. இன்னைக்கி வரைக்கும்.”

பேரன் வந்து என் துண்டை இழுத்தான். வருஷா வருஷம். ஒருவரும் ஒரேயடியாகத் தோற்க வேண்டியதில்லை. ஒருவரும் ஒரேயடியாக ஜெயிக்கவும் வேண்டியதில்லை. அய்யா ஒவ்வொரு பங்குனியும் தனக்கு யார் வேண்டும் என்று தானே சொல்லிக்கொள்ளட்டும். கடல் தாண்டி இருக்கிற ஒரு சாமி, சண்டையில் எரிந்த ஒரு ஊருக்குக் காட்டிய வழியை எங்கள் அய்யா ஒரு படப் புத்தகத்தில் வைத்து என் முற்றத்துக்கு அனுப்பியிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படியே நம்புகிறேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போனேன். அண்ணன் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நரைத்துப்போயிருந்தார். என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரி மூட்டை வாயைத் தைக்கத் தொடங்கினார். நான் ஒரு தவிட்டு மூட்டையின்மேல் உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல், எதிரே பருத்திக்கொட்டைக் குவியலைப் பார்த்துக்கொண்டே ஜப்பான் கதை முழுவதையும் சொன்னேன். தோட்டம் போட்ட ஷோகனையும் விடவில்லை. அவர் கை ஊசியோடு அப்படியே நின்றுவிட்டது.

“என்னைத்தாம்ல சொல்லுத,” என்றார்.

“கதைய சொல்லுதேன்.”

ஊசியை மூட்டையிலேயே குத்திவைத்தார். அப்புறம் அவரும் பருத்திக்கொட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ஒனக்குச் சூடம் அணைச்சேன். அது ஊருக்கே தெரியும். பிள்ள பொறந்த அன்னைக்கி ஆஸ்பத்திரியில வச்சு அவளுக்கும் சத்தியம் பண்ணிட்டேன், பெட்டி இவனுக்குத்தான்னு. செத்துப் பொழைச்சுக் கெடந்தாளே. கேட்டா, குடுத்துட்டேன். ரெண்டுல எதச் சொன்னாலும் அய்யா முன்னால நான் பொய்யன். எதத்தாம்லே சொல்லச் சொல்லுத?”

இத்தனை வருஷமாக அவர் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்திருந்தேன். அவர் இரண்டு சத்தியத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார். ஒருவேளை அந்த ஷோகனும் அப்படித்தானோ என்னவோ. படப் புத்தகத்தில் அதெல்லாம் போட மாட்டார்கள்.

நான் சொன்னேன்: “அய்யா எடுக்கட்டும் அண்ணே. வருசா வருசம். நீங்க ரெண்டு பேருக்கும் குடுத்த வாக்கும் நிக்கும்.”

கடைக்குப் பின்னால்தான் வீடு. மதினி கதவு மறைவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முன்னால் வந்தாள். கையில் காப்பி இருந்தது. ஆனால் கொடுக்கவில்லை.

“கொழுந்தனாரே, நான் ஒன்னு கேக்குதேன். ஆதியில நான் பெட்டியா கேட்டேன்? என் பையன் பெட்டிக்கு முன்னால மணி அடிச்சிட்டு வரட்டும்னு சொன்னேன். ஆஸ்பத்திரிச் சத்தியத்த நானே மறந்துட்டேன். மணி அடிக்கக்கூட விடமாட்டோம்னு ஒங்க வீட்டுல சொன்னதா எனக்கு வந்து சொன்னாவ.”

மணி என்ற பேச்சே எங்களுக்கு வரவில்லை மதினி என்றேன். நாங்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. பிறகு காப்பியைக் கொடுத்தாள். ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

பூவை யார் கட்டுவது என்ற பழைய கேள்வியை அவளே முடித்துவைத்தாள். பஜாரில் பூ விற்கிற அம்மாவிடம் கொடுத்தால் ஒரே அளவாகக் கட்டித் தருவாள், அவளுக்கு நம்ம கதை எதுவும் தெரியாது என்றாள். எடுக்கிற குழந்தை எந்த வீட்டுக் குழந்தை என்று நான் தயங்கியபோது, “ஒங்க பேரனே எடுக்கட்டும். முடி அவனுதுதான” என்றாள்.

கொடை அன்று காலையில் எல்லாரும் கோயில் முன்னால் கூடினோம். காடெல்லாம் அறுத்து முடிந்து, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தப் பக்கத்துப் பூட்டு தேங்காய் எண்ணெய் விட்டதும் திறந்துகொண்டது. எங்கள் பூட்டு திறக்கவில்லை. சாவி உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது. யாரோ சொன்னார்கள், இளையவியளுக்குத்தான் இன்னும் மனசு வரல போல என்று. அந்தக் கூட்டத்திலேயே முதலில் எழுந்த சிரிப்பு அதுதான். என் மகன் டிராக்டரிலிருந்து அறுவை பிளேடு கொண்டுவந்து அறுத்தான். கதவு திறந்ததும் வௌவால் இரண்டு எங்கள் தலைக்குமேல் பறந்துபோனது. பெட்டி தூசியோடு அப்படியே இருந்தது. பெரியவர்கள் சிலர் அழுதார்கள். என் கண்ணும் நிற்கவில்லை.

செவ்வரளி அண்ணன் மகனுக்கு, வெள்ளரளி எனக்கு. இரண்டு வாழையிலைப் பொட்டலத்தைத் தாம்பாளத்தில் குலுக்கி வைத்தோம். இரட்டைச் சடை போட்ட பேரனை மருமகள் உட்கார வைத்தாள். அவன் இரண்டு கையாலும் இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டான். கூட்டத்தில் சலசலப்பு. இரண்டு பேரும் தூக்கச் சொல்லுகிறாரோ என்றார் ஒருவர். மதினி, “அய்யா பிள்ளையோட வெளையாடுதாரு, மறுபடி வைங்க” என்றாள். மறுபடி வைத்தோம். இந்தத் தடவை ஒன்றை எடுத்து நேரே வாயில் வைத்துக் கடித்தான். பிடுங்கிப் பிரித்தால் செவ்வரளி.

என் பேரன் கை எனக்கு எதிராகத்தான் போனது. எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். அண்ணன் மகன் வந்து நின்றான். வளர்ந்த பையன். ஆனால் பெட்டி சுமந்து பழக்கமில்லை. தலையில் வைக்கச் சும்மாடு கோலத் தெரியவில்லை. துண்டை வைத்துக்கொண்டு விழித்தான். நான் என் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கோலி அவன் தலையில் வைத்து, பெட்டியைத் தூக்கிவிட்டேன். “கழுத்த நேரா வையி, கண்ண ஓடவிடாத” என்றேன். சரி சித்தப்பா என்றான். அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. ஊர் சுற்றி வரும்வரை நான்தான் பெட்டிக்கு முன்னால் மணி அடித்துக்கொண்டு நடந்தேன்.

கோயிலுக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்து அவன் திருநீறு எடுத்தான். முதல் திருநீறு மூத்தவருக்கு. அண்ணன் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். அவருக்கு மனசு துணியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவர் நிற்க வேண்டிய இடம் காலி. முடி இறக்க வந்தவர் அடுத்து நம்ம வேலைதானே என்று கத்தியும் கிண்ணமுமாக அந்த இடத்தில் வந்து நின்றிருந்தார். பையன் படபடப்பில் நிமிர்ந்து பார்க்காமலே முன்னால் நின்றவர் நெற்றியில் பூசிவிட்டான்.

எந்த மரியாதைக்காகக் கோயிலில் இரண்டு பூட்டுத் தொங்கியதோ, அந்த வரிசையில் முதல் திருநீறு அவருக்குப் போய்விட்டது. அவர் பயந்து, துடைக்கலாமா வேண்டாமா என்று கையைத் தூக்கினார். அப்போது தொட்டிப் பக்கத்திலிருந்து அண்ணன் சத்தம் வந்தது.

“தொடைக்காதீங்க. அய்யா குடுத்தது. இருக்கட்டும்.”

இத்தனை வருஷத்தில் ஊர் முன்னால் அவர் பேசிய முதல் பேச்சு அது. அப்புறம் நடந்து வந்து இரண்டாவதாக நெற்றியைக் காட்டினார். மூன்றாவதாக நான். பேரனுக்கு முடி இறங்கியது. சடை இரண்டும் சடையாகவே விழுந்தன. அவன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஜப்பான் பாஷையில் என்னமோ கேட்டான். தலை எங்கே போச்சு என்று கேட்கிறான் என்றாள் மருமகள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியும் பூக்கட்டித்தான் போடுகிறோம். அடுத்த வருஷமும் செவ்வரளியே வந்தது. அதற்கு அடுத்த வருஷம் வெள்ளரளி. பெட்டி சுமக்காத ஆள் மணி அடிப்பது என்று வழக்கமாகிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துப் பங்காளியில் ஒரு வீடு இன்னும் கோயிலுக்குள் வருவதில்லை. தம்பி உரிமையை விற்றுவிட்டான் என்று என்மேல் கோபம். வரப்பில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். திருநீறு கொடுத்து அனுப்பினால் வாங்கிக்கொள்கிறார்கள். அதுவும் ஒருநாள் மாறும். அந்த ஊருக்கு முப்பது வருஷம் பிடித்ததே.

போன கொடை முடிந்து திரும்பும்போது, வழியில் அண்ணன் கேட்டார், “எழுதுதேன் எழுதுதேன்னு சொன்னியே, எழுதிட்டியாலே?” நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று இருந்தேன் என்றேன். “தோட்டம் போட்ட அந்த ஆளையும் சேத்து எழுது,” என்றார். அதுதான் எழுதிவிட்டேன்.

ஜப்பான் கதையை மருமகள் சொன்னபடி எழுதியிருக்கிறேன். பிசகு இருந்தால் அது என் காது செய்த பிசகு. இதைப் படித்தவர்கள் வேறு யாருக்காவது சொல்ல நினைத்தால் நல்லது, சொல்லுங்கள். பங்காளிச் சண்டையில் கோயில் பூட்டிக் கிடக்கிற ஊர்கள் இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. ஆனால் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பூ எனக்கு முதலில் வந்தது என்று எனக்காக மாற்ற வேண்டாம். முதல் திருநீறு அண்ணனுக்குப் போனது என்று அவருக்காகவும் மாற்ற வேண்டாம். ஒரு தாய் தன் பிள்ளை மணி அடிக்கட்டும் என்று சொன்னாள். அந்தப் பேச்சு நாலு வீடு தாண்டி வருவதற்குள் கோயில் கதவில் இரண்டு பூட்டாகத் தொங்கியது. அதை நான் பார்த்துவிட்டேன்.